இடது பக்கம் தாழ்ந்து நின்ற கார்

நாற்பது வருடம் கார்களைக் கழற்றிப் பூட்டியவன் நான். கழற்றியதில் திரும்பப் பூட்ட முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். ஒரு முழம் சிவப்புத் துணி.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்குத் திருத்துவதைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பிமாரே. என்ஜினைத் திறப்பது, கார்புரேட்டரைச் சரிக்கட்டுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதவன் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் அந்தத் துணியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கிழவன் பேய்க் கதை சொல்கிறான் என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான்.

எழுபதுகளின் நடுவில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். நாயையும் பியானோவையும் காரையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். அப்படி வந்த கார்களில் ஒன்றைப் பதுளை பசாரில் இரும்புக் கடை வைத்திருந்த நசீர் நானா வாங்கினார். பச்சை நிறம், இரண்டே சீட், கூரை இல்லை, சக்கரமெல்லாம் கம்பி.

நசீர் நானாவுக்கு அந்தக் கார் ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். தியத்தலாவைப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுபாதையில் அந்தக் காலத்தில் கார்ப் பந்தயம் நடக்கும். நடத்தியது துரைமாரின் சங்கம். ஆணியும் பூட்டும் விற்கிறவனுக்குக் கயிற்றுக்கு வெளியேதான் இடம். பத்து வருடம் அந்தக் கயிற்றுக்கு வெளியே நின்று வாயைப் பிளந்து பார்த்தவர் அவர். துரைமார் போனதும் பந்தயத்துக்கு ஆள் பற்றாமல், நசீர் நானாவும் ஓடலாம் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார், பாவம்.

கார் ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தேயிலை பெக்டரிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் படங்குச் சாக்கால் மூடிக் கிடந்தது. துரை ஏற்கெனவே போய்விட்டார். தோட்டத்துக் கிளாக்கர்தான் சாவியைத் தந்தார். பற்றரி செத்துக் கிடந்ததால், ரோட்டில் நின்ற எங்கள் லொறிவரைக்கும் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது. தோட்டத்தில் காரைத் தள்ளக் கூப்பிட்டால் கேட்கவே வேண்டாம், பத்துப் பேர் சிரித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அன்றைக்கும் வந்தார்கள். ஆனால் எல்லாரும் பின்னாலும் வலது பக்கத்திலும்தான் கை வைத்தார்கள். இடது பக்கம் ஓர் ஆள் போகவில்லை. ஒரே பக்கத்தில் தள்ளியதால் கார் கோணிக்கொண்டு ரோட்டோரத் தண்ணிக் கான் பக்கமாகப் போயிற்று.

"அந்தப் பக்கமும் ரெண்டு பேர் பிடிங்கய்யா" என்று கத்தினேன்.

ஒருவரும் அசையவில்லை. கிளாக்கர் மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "நீங்களே பிடிச்சுக்கங்க பாஸ்" என்றார்.

பிடித்தேன். நான் நமுனுகுலத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் பதினாலு வயதிலேயே பதுளை டவுன் கராஜுக்கு வேலைக்கு வந்துவிட்டேன். பெக்டரிக்குள் கால் வைத்ததில்லை. லயத்துச் சாமியாட்டம், மந்திரிச்ச கயிறு, எலுமிச்சம்பழம் இதையெல்லாம் விட்டொழித்தவன் என்று எனக்குள் ஒரு பெரிய நினைப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிக்கொண்டே தள்ளினேன்.

கராஜில் இறக்கிச் சமதரையில் நிறுத்திப் பார்த்தால், கார் இடது பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நின்றது.

பழைய காரில் இது அதிசயமில்லை. ஓட்டுகிறவன் வலது பக்கம் உட்காருவதால் வலது ஸ்பிரிங்தான் சாதாரணமாகத் தொய்யும். இதில் இடது. சரி, பக்கத்தில் யாரோ பாரமான ஆள் உட்கார்ந்து போயிருக்கிறார் என்று நினைத்தேன். இறக்குமதி நின்றுபோன காலம் அது, புது ஸ்பிரிங் கனவிலும் கிடைக்காது. கொல்லன் பட்டறையில் கொடுத்துக் காய்ச்சி வளைத்துப் போட்டேன். அன்று மாலை நேராக நின்றது. காலையில் கராஜைத் திறந்தால் மறுபடி இரண்டு விரல்.

காரை இலேசாக்குவதற்காக முன்கண்ணாடியைக் கழற்றினோம், பம்பரைக் கழற்றினோம், இடது பக்கச் சீட்டையே கழற்றி மூலையில் போட்டோம். பாரம் எல்லாம் போனபிறகும் அந்தப் பக்கம் எழும்பவில்லை. சீட் இல்லாத இடத்தில் யாரோ ஆறுதலாக உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் இருந்தது. இதை நான் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. நசீர் நானாவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தக் கதவுப் பக்கமாகக் காரைச் சுற்றி வருவதை விட்டுவிட்டார்.

அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் துணியைக் கண்டேன். காரின் எலும்பு மாதிரி இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் இரும்பைச் சேசி என்கிறோம் அல்லவா, அதில் இடது இரும்பில், சீட்டுக்கு நேர் கீழே, ஒரு முழம் சிவப்புத் துணியைச் சுற்றிச் செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. மேலே குங்குமம் காய்ந்து கறுத்திருந்தது. பழைய சேலையில் கிழித்த துண்டு.

"பார்த்தீங்களா நானா, எங்க சனத்தோட வேலையை. காருக்கும் காப்புக் கட்டியிருக்குதுகள்" என்று சிரித்தேன்.

"அது ஈக்கட்டுமே பாஸ். என்னத்துக்குக் கழத்துறீங்க?" என்றார்.

"எண்ணெய் பட்டா தீப்பிடிக்கும்" என்று ஒரு சாட்டுச் சொல்லிவிட்டுக் கத்தியால் அறுத்தேன். தேத்தண்ணி அடுப்பில் போட்டேன். துணி இருந்த இடத்தில் தார் மாதிரி ஏதோ தடிப்பாகப் பூசியிருந்தது. அதை ஒரு தடவை சுரண்டிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சுரண்டவில்லை. ஸ்பிரிங்குக்கு அடியில் மூன்று இரும்புத் தகட்டை அடுக்கி அந்தப் பக்கத்தை மேலே தூக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று சொன்னால் சரியாக இருக்கும். கார் நேராக நின்றது, நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீண்ட ஓட்டம் ஓட்டிப் பார்க்கப் போனோம். ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என்று கார் குழந்தை மாதிரி ஓடியது. நசீர் நானா ஓட்டினார். நான் இடது பக்கம், சீட் இல்லாத வெறும் தகட்டில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தேன். ஹல்துமுல்லை தாண்டி இறக்கத்தில் வலது பக்கம் திரும்பும் ஒரு பெரிய வளைவு. பள்ளத்தில் பனிமூட்டம் நிறைந்து கிடந்தது. வேகமாகத் திரும்பினார். என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்தது.

கைக்கு எட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஒரு வாசனை வந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் வருமே, கார்பாலிக் சவர்க்கார வாசனை, அது. சுற்றிலும் தேயிலை, பனி, ஈர மண். சவர்க்காரத்துக்கு அங்கே என்ன வேலை?

திருப்பிக்கொண்டு மேலே போய் மறுபடி அதே வளைவில் இறங்கினோம். மறுபடி கதவு திறந்தது. மறுபடி அந்த வாசனை. நசீர் நானா காரை ஓரமாக நிறுத்திவிட்டார். அவருக்கும் மணத்திருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். கூடை மாட்டிய நாலைந்து பெண்கள் ரோட்டு வழியாக வந்தார்கள். காரைக் கண்டதும் எல்லாரும் மறுபக்கத்துக்கு ஒதுங்கினார்கள். அதில் ஒருத்தி மட்டும் நின்று என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, அது அந்த அக்கா எடமுங்க. நீங்க எதுக்கு அங்க குந்தியிருக்கீங்க?"

"எந்த அக்கா?"

அவள் காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "கட்டியிருந்த துணி எங்கண்ணே? யாரு அவுத்தது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "நான்தான் அவுத்தேன். இப்ப என்ன?"

"அவுத்தவங்க போயி, பெக்டரி மெசினு பாத்த பிட்டரண்ணங்கிட்ட சொல்லிருங்க. இப்ப ஹாலிஎலப் பக்கம் தோட்டத்துல இருக்காரு" என்றாள். போகும்போது தன்பாட்டில் ஒன்று சொல்லிக்கொண்டு போனாள். "பாவம், இன்னும் எறங்கல போல இருக்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் நசீர் நானா ஓதிக்கொண்டே வந்தார். அவர் கேட்டிருந்தால் அன்றைக்கே அந்தப் பிட்டரைத் தேடிப் போயிருக்கலாம். கேட்கவில்லை. பந்தயத்துக்கு ஆறே நாள். ஆறு நாளும் நான் போகவில்லை. பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலதானே, ஏன் போகவில்லை? லயத்தை விட்டு வந்தவன் ஒரு கொழுந்து பறிக்கிற பொம்பிளையின் பேச்சைக் கேட்டு மறுபடி லயத்து வாசலில் போய் நிற்பதா என்ற திமிர். வேறொன்றுமில்லை. கதவுக்குப் புதுக் கொக்கி போட்டேன், அதோடு சரி.

பந்தயத்தன்று விடிந்ததும் நசீர் நானா வந்தார். தையல்காரரிடம் சொல்லித் தைத்த வெள்ளை உடுப்பு, புதுத் தலைக்கவசம். காரை லொறியில் ஏற்றிப் பலகை போட்டுக் கட்டினோம். நான் பிறகு ரயிலில் வருவதாக ஏற்பாடு, அதனால் லொறி கிளம்பியபோது பின்னால் நின்று பார்த்தேன். லொறியின் தட்டையான தளத்தில் கார் இடது பக்கம் தாழ்ந்து நின்றது. மூன்று தகடு வைத்தும், மறுபடி அதே இரண்டு விரல்.

கையைக் காட்டினேன், கத்தினேன். லொறி போய்விட்டது. தம்பிமாரே, அந்த இடத்தில் எனக்குப் பயம் பிடித்தது. அது பேய்ப் பயமா, வேலையில் தப்புச் செய்தவனின் பயமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பஸ் பிடித்து ஹாலிஎலவுக்குப் போனேன்.

பிட்டர் லயத்துக் கடைசிக் காம்பிராவில் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூப்பாக இருக்கலாம். பச்சைக் கார் என்றதும் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"துணி இருக்குங்களா?"

"எரிச்சிட்டேங்க."

"அது எம் பொஞ்சாதி சீலை" என்றார்.

அவர் மனைவி அந்தத் தோட்டத்து மருத்துவச்சி. மேல் டிவிசனில் ஒரு பிரசவம் சிக்கலாகிவிட, மழையில் துரை தன் காரிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். நல்ல மனதோடுதான் ஏற்றியிருக்கிறார், ஆனால் ஓட்டியது எப்போதும் ஓட்டும் வேகம். அந்த வளைவில் கார் கல்லில் மோதியது. இடது கதவு திறந்து, பையோடு அவள் பள்ளத்தில் போனாள். துரைக்குக் கையில் சிராய்ப்பு. விஷயம் டவுனுக்குத் தெரியக்கூடாது என்று காரைப் பெக்டரிக்குள் கொண்டுவந்து, பிட்டரையே ஒட்டவைக்கச் சொன்னார்கள்.

"எட்டாம் நாள் காரியம் முடியல, அதுக்குள்ள ஓட வைக்கணும்னு உத்தரவு. சேசி ரெண்டா ஒடிஞ்சிருந்திச்சு. கையில என்ன இருந்திச்சு? கொழுந்து அரைக்கிற பழைய ரோலர்ல ஒரு துண்டு. அத உள்ளுக்குக் குடுத்துப் பத்த வச்சேன். அது வார்ப்பு இரும்பு. பத்த வச்சா பிடிச்ச மாதிரி இருக்கும், பிடிக்காது. ஒங்களுக்குத் தெரியாததா?"

"இது ஓடக்கூடாதுன்னு சொல்லியிருக்கலாமே!"

"தொரகிட்டயா?" என்று என்னைப் பார்த்தார். "பெக்டரியில நம்பக்கூடாத சாமான எப்பிடிச் சொல்லுவோம்னு ஒங்களுக்குத் தெரியாதுங்களா? ஓட்டுன்னா ஓட்டணும். வேணாம்னு சொல்ல எங்களுக்கு ஏது வாய்? அதுனால செவப்புத் துணி கட்டிக் குங்குமம் வப்போம். தொர பாத்துட்டு, சாமி கும்புடுறானுகன்னு போயிருவாரு. அடுத்து வார பிட்டருக்குத் தெரியும். அதுல கைய வைக்க மாட்டான், பக்கத்துல ஆள நிக்க விட மாட்டான். ஒரு தோட்டமில்ல, எல்லாத் தோட்டத்துலயும் அப்பிடித்தான்."

லயத்துக்காரர்களின் மூடத்தனம் என்று நான் அறுத்தெரித்தது, ஒரு பிட்டர் இன்னொரு பிட்டருக்கு எழுதிய எச்சரிக்கை. லயத்தில் பிறந்த எனக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

"அவரு ஓட்டப்போறாருங்களா?" என்று கேட்டார். மணி எட்டரை. அவர் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு நடந்தார். தியத்தலாவைக்கு ரயில் ஏறினோம். மேட்டில் ரயில் திணறும்போதெல்லாம் இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

நாங்கள் ஓடுபாதைக்குப் போய்ச் சேர்ந்தபோது கார்கள் வரிசையில் நின்றன. நசீர் நானா என்ஜினை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் கயிற்றுக்குக் கீழே நுழைந்து ஓடினேன்.

"நானா, நிப்பாட்டுங்க. சேசி ஒடிஞ்சது. என் பிழை. நான் பார்க்கல."

"என்னத்த சொல்றீங்க பாஸ்? இப்பயா?" அவர் முகம் கறுத்தது. சங்கத்து ஆட்கள் சிலர் சுற்றி வந்துவிட்டார்கள். கடைக்காரருக்குக் கால் நடுங்குகிறது என்று ஒருவர் இங்கிலீஷில் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நசீர் நானாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். "பத்து வருஷம் பாஸ். இவ்ளோ பேருக்கு முன்னுக்கு என்னப் பயந்தாங்கொள்ளி ஆக்காதீங்க. ஓடியே தீருவேன்."

என்னிடம் காட்ட ஓர் ஆதாரமும் இல்லை. ஆதாரத்தைத்தான் எரித்துவிட்டேனே. சாவியைப் பிடுங்கலாமா என்று நினைத்தேன், கார் முன்னால் படுக்கலாமா என்றும் நினைத்தேன். கொடிக்காரன் நடந்து வந்துகொண்டிருந்தான்.

அப்போது பிட்டர் இடது பக்கமாகப் போனார். நான் போட்ட புதுக் கொக்கியை விலக்கி, கதவைத் திறந்து, வெறும் தகட்டில் உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

"யாரு நீங்க? எறங்குங்க" என்றார் நசீர் நானா.

"நான்தாங்க இந்தக் கார ஒட்ட வச்சவன். பிடிக்காதுன்னு தெரிஞ்சே ஒட்ட வச்சேன். நீங்க ஓட்டணும்னா ஓட்டுங்க தம்பி, தடுக்கல. போன தடவ இந்த எடத்துல நான் உக்காரல, அவதான் உக்காந்திருந்தா. இன்னைக்கு நான் உக்காந்துக்கிறேன்."

நசீர் நானா அவரைப் பார்த்தார். கோட்டின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, ஊருக்குப் போக பஸ்ஸில் ஏறிய ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். கொடி மேலே போயிற்று, கீழே வந்தது. மற்றக் கார்களெல்லாம் பாய்ந்து போயின. பச்சைக் கார் மட்டும் நின்றது. நசீர் நானா என்ஜினை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினார். அவர் அழுதார், நான் பார்த்தேன். அவ்வளவு பேர் சிரிப்புக்கு நடுவில் காரை நிறுத்தினாரே, அதைவிடத் தைரியமான ஓட்டம் ஒன்றை நான் எந்தப் பந்தயத்திலும் பார்த்ததில்லை.

லொறிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். நடை வேகம்தான். பலகையில் முன்சக்கரம் ஏறியதும் காய்ந்த கொப்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். இடது பக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தது. சேசி பழைய இடத்திலேயே இரண்டாகப் போயிருந்தது. ஓடுபாதையின் முதல் வலது வளைவில் அது நடந்திருந்தால் நசீர் நானாவை அள்ளித்தான் எடுத்திருப்போம்.

என் தகடுகள் அந்த விரிசலை இன்னும் விரித்துவிட்டிருந்தன. வேறு சேசி தேடிப் போட்டு இரண்டு வருடம் கழித்து நசீர் நானா ஓடினார். கடைசியாகத்தான் வந்தார், ஆனால் அவரைப் பிடிக்க முடியவில்லை, அத்தனை சந்தோஷம். அந்த ரோலர்த் துண்டை மட்டும் நான் எடுத்து அவர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கத்தை அழுத்தியது அதன் பாரம்தான் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளவேண்டியிருந்தது. ஒரு சின்னப் பிள்ளையின் பாரம்கூட இல்லை.

யாராவது ஒரு காரில் துணியோ கயிறோ கட்டியிருந்தால் உடனே அவிழ்க்காதீர்கள். கட்டியவனைத் தேடிப் போங்கள். அவன் லயத்தில் இருந்தாலும் போங்கள். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

ஒன்றை மட்டும் இத்தனை வருடம் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சேசி ஒடிந்து கார் உட்கார்ந்ததல்லவா, அப்போது இடது கதவு தானாகத் திறந்தது. வெயில் காய்கிற அந்த வெட்டவெளியில் கார்பாலிக் சவர்க்காரம் மணத்தது. ஒருவரும் அசையவில்லை. பிட்டர் போய்க் கதவு மறுபடி மூடிவிடாமல் கையால் பிடித்துக்கொண்டார்.

"எறங்கு புள்ள" என்றார். "வூட்டுக்குப் போவோம்."

பையோடு ஒரு பெண் இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். கதவுக்கு நேரே நின்ற நசீர் நானா இரண்டு அடி பின்னால் வந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றது நான். துணியை அறுத்து அடுப்பில் போட்ட நானும் ஒதுங்கி வழி விட்டேன்.